தகடா, டிரைவா, எழுதிய விதமா?

கல்யாண டிவிடி ஓடவில்லை என்று வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்: “தகடு போயிடுச்சுங்க, ஏதாச்சும் பண்ண முடியுமா?” உட்காருங்கள், டீயைக் குடித்துக்கொண்டே பேசலாம். போனது தகடாக இருக்கலாம். அதைப் படிக்கிற டிரைவாகவும் இருக்கலாம். இரண்டும் நன்றாக இருந்து, எழுதிய விதம் மட்டும் அந்த பிளேயருக்குப் புரியாமல் போயிருக்கலாம். மூன்றில் எது என்று பார்க்காமல் கைவைத்தால் நல்ல தகட்டைத் தேய்த்துக் கெடுப்போம், நல்ல டிரைவைக் கழற்றிப் போடுவோம்.

இதைக் கண்டுபிடிக்கக் கடைக்குப் போக வேண்டாம். ஓடாத தகட்டைப் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் போடுங்கள். அங்கே ஓடினால் தகடு நல்லது; உங்கள் டிரைவ் சோர்ந்திருக்கலாம், அல்லது எழுதிய விதம் அதற்குப் புரியாமல் இருக்கலாம். அங்கேயும் ஓடாவிட்டால், நன்றாக ஓடுகிற வேறு தகடு ஒன்றை உங்கள் டிரைவில் போடுங்கள். அது ஓடினால் குற்றம் முதல் தகட்டின் மேல், அல்லது அதை எழுதிய விதத்தின் மேல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். தகட்டையும் துடைத்து, மென்பொருளையும் மாற்றி, கேபிளையும் பிடுங்கிச் சொருகிவிட்டு, “இப்ப ஓடுது” என்றால் எதனால் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் திரும்ப வந்து நிற்பீர்கள்.

சிடி எல்லாம் ஓடுகிறது, டிவிடி மட்டும் ஓடவில்லை என்றால் என்ன? அதற்கும் காரணம் உண்டு. டிவிடி டிரைவுக்குள் சிடிக்கு ஒன்று, டிவிடிக்கு ஒன்று என இரண்டு லேசர் ஒளி. சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு. டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு. ஒன்று மங்கிப்போய் மற்றது நன்றாகவே இருக்கும். அப்படிப்பட்ட டிரைவைத் திட்டிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். அதற்கு முன் ஒரு தடவை லென்ஸ் தூசியைப் பாருங்கள். கோழித்தீவன ஆலையின் தவிட்டுத் தூளும், லாரிப் பட்டறையின் பெயின்ட் புகையும், வெள்ளைக்கல் தூசியும் பறக்கிற நம் ஊரில், திறந்து மூடுகிற அந்தத் தட்டு வழியாக உள்ளே போகாதது எதுவும் இல்லை.

அடுத்து, எல்லாத் தகடும் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் தமிழ்ப் படங்களை விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று இறக்கியது நினைவிருக்கும். அவை ஆலையில் அச்சில் அழுத்திச் செய்தவை. விவரம் பிளாஸ்டிக்கிலேயே நுண்ணிய பள்ளங்களாகப் பதிந்திருக்கும். நீங்களோ ஸ்டுடியோக்காரரோ எழுதிய தகட்டில் பள்ளம் கிடையாது. ஒரு சாயப்பூச்சு இருக்கிறது. லேசர் அதைச் சுட்டுப் புள்ளி புள்ளியாக நிறம் மாற்றுகிறது. வெயிலும் வெப்பமும் சாயத்தை வெளுக்கும். கடையில் வாங்கிய சினிமா தகடு இன்றும் ஓட, அதே பீரோவில் இருந்த கல்யாண டிவிடி ஓடாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இனி வகை வகையாக வருவோம்.

“கம்ப்யூட்டர்ல ஓடுது, டிவி பிளேயர்ல ஓடமாட்டேங்குது.” அதிகம் வருகிற புகார் இது. தகடு நல்லது, டிரைவும் நல்லது, எழுதிய விதத்தில்தான் கோளாறு. வெற்றுத் தகட்டைப் போட்டதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: பென் டிரைவ் மாதிரி பயன்படுத்தப் போகிறீர்களா, சிடி-டிவிடி பிளேயரில் போடப் போகிறீர்களா? முதலாவது ஏற்கெனவே தேர்ந்திருக்கும். நாமும் பார்க்காமல் ‘நெக்ஸ்ட்’ அடித்துவிடுவோம். அப்படி எழுதியதைக் கம்ப்யூட்டர் திறக்கும், பழைய பிளேயருக்கு அது அந்நியம். இரண்டாவதைத் தேர்ந்திருக்க வேண்டும்.

அதைத் தேர்ந்தும் ஓடவில்லை என்றால், உள்ளே போட்ட கோப்பைப் பாருங்கள். போனில் எடுத்த எம்பி4 வீடியோவை அப்படியே தகட்டில் ஏற்றினால் அது வெறும் கோப்புத் தகடு. டிவிடி பிளேயர் எதிர்பார்ப்பது எம்பெக்-2 முறையில் சுருக்கிய படம். இந்தியாவின் ‘பால்’ (PAL) டிவி முறைக்கு 720-க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 சட்டகம். அதுவும் ‘வீடியோ-டிஎஸ்’ என்ற பெயருள்ள கோப்புறைக்குள். டிவிடி ஸ்டைலர் போன்ற இலவச மென்பொருள்கள் இந்த வேலையைச் செய்துகொடுக்கும். பாட்டு சிடியிலும் இதே கதை. எம்பி3 கோப்புகளை ஏற்றினால் 700 எம்பி தகட்டில் பன்னிரண்டு மணி நேரப் பாட்டு அடங்கும், ஆனால் முகப்பில் ‘எம்பி3’ என்று போட்டிருக்கிற செட்டில்தான் ஓடும். அப்பா காலத்து சிடி பிளேயருக்கு ‘ஆடியோ சிடி’யாகவே எழுத வேண்டும், அதில் கொள்வது 80 நிமிடம்.

இன்னொன்று ‘ஃபைனலைஸ்’. லாரியில் சரக்கையெல்லாம் ஏற்றிவிட்டு, என்ன சரக்கு, எங்கே இறங்க வேண்டும் என்கிற சீட்டை மட்டும் ஓட்டுநரிடம் கொடுக்காமல் அனுப்பினால் எப்படி? ஃபைனலைஸ் செய்யாத தகடு அந்த மாதிரி. படம் உள்ளே இருக்கும், எது எங்கே என்று சொல்லும் அட்டவணை முடிக்கப்பட்டிருக்காது. எழுதிய டிரைவ் எப்படியோ கண்டுபிடித்துக்கொள்ளும், மற்றவை ‘நோ டிஸ்க்’ என்று துப்பிவிடும். எழுதிய ரெக்கார்டரோ கம்ப்யூட்டரோ கையில் இருந்தால் இப்போதுகூட ஃபைனலைஸ் செய்துவிடலாம்.

தகட்டு உறையில் கழித்தல் குறியா, கூட்டல் குறியா என்பதையும் பாருங்கள். டிவிடி-ஆர் 1997-இல் வந்தது, டிவிடி+ஆர் 2002-இல். பழைய பிளேயர்கள் கழித்தல் வகையோடுதான் சுமுகமாகப் போகும். தாத்தா வீட்டு பிளேயருக்குத் தகடு வாங்கினால் அதையே வாங்குங்கள்.

“டிவில ஓடுது, கம்ப்யூட்டர்ல ஓடமாட்டேங்குது.” இது தலைகீழ். விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து டிவிடி படம் ஓட்டுகிற வசதியை மைக்ரோசாஃப்ட் விண்டோஸோடு சேர்த்துத் தருவதில்லை. தகடு திறக்கிறது, கோப்புகள் தெரிகின்றன, படம் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான். விஎல்சி பிளேயரைப் போடுங்கள், காசு கிடையாது. விசிடியில் படம் ‘.dat’ என்று முடிகிற கோப்பில் இருக்கும். அதையும் விஎல்சி ஓட்டும்.

சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த டிவிடி ஓடவில்லையா? கடையில் விற்கிற படத் தகடுகளுக்கு வட்டாரக் குறி உண்டு. இந்தியாவும் இலங்கையும் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, அமெரிக்கா 1. கம்ப்யூட்டர் டிரைவில் இதை ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது தடவை எதில் வைத்தீர்களோ, அதிலேயே பூட்டிக்கொள்ளும். ‘மாற்றவா?’ என்று கேட்டால் யோசித்து ‘ஆம்’ சொல்லுங்கள். நாமே எழுதிய கல்யாண டிவிடிக்கு இந்தத் தொல்லை பொதுவாக இல்லை.

“எழுதிக்கிட்டிருக்கும்போதே பாதியில நின்னுடுது.” இதில் முதல் சந்தேகம் வேகம். டிவிடியின் ஒரு மடங்கு வேகம் நொடிக்குச் சுமார் 1.38 எம்பி; முழுத் தகடு எழுத ஒரு மணி நேரம் போல ஆகும். எட்டு மடங்கில் எட்டு நிமிடம் போல ஆகும். உறையில் 16 என்று போட்டிருந்தால் 8-இல் எழுதுங்கள். மலிவுத் தகடாக இருந்தால் 4. அதற்கும் கீழே போனால் நல்லது என்றில்லை, அந்தச் சாயம் அவ்வளவு மெதுவான சூட்டுக்காகச் செய்யப்பட்டதில்லை.

இரண்டாவது, எங்கிருந்து எடுத்து எழுதுகிறீர்கள் என்பது. பென் டிரைவிலிருந்து நேரே தகட்டுக்கு வேண்டாம். முதலில் ஹார்ட் டிஸ்கில் இறக்கி, பிறகு எழுதுங்கள். 2000-த்தில் சான்யோ கொண்டுவந்த பர்ன்-புரூஃப் முறைக்குப் பிறகு, விவரம் வந்து சேரத் தாமதமானால் லேசர் நின்று காத்திருந்து விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனாலும் அடிக்கடி நின்று நின்று எழுதிய தகட்டில் அந்த ஒட்டுகளில் சில பிளேயர்கள் தடுக்கும்.

மூன்றாவது மின்சாரம். சென்னைக்கு வெளியே தினமும் பல மணி நேரம் கரண்ட் போன 2012-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு தடவை மட்டும் எழுதக்கூடிய தகட்டில் பாதியில் கரண்ட் போனால் பெரும்பாலும் அது குப்பைக்குத்தான். உங்கள் யுபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும் என்று பார்த்து, எழுதும் நேரம் அதற்குள் அடங்குகிறதா என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் சொருகுகிற வெளி டிரைவ் என்றால் இன்னொரு மின்சாரப் பிரச்சினை: பழைய யுஎஸ்பி துளை தருவது 500 மில்லிஆம்பியர், எழுத ஆரம்பிக்கும்போது டிரைவ் அதைவிடக் கூடுதலாக இழுக்கும். தட்டு வெளியே வந்து வந்து போகிறது, டிரைவ் திடீரென்று காணாமல் போகிறது என்றால், இரண்டு துளையில் சொருகும் கவை கேபிளோ யுஎஸ்பி 3 துளையோ தீர்வு.

“4.7 ஜிபின்னு போட்டு ஏமாத்துறாங்க, 4.38தான் காட்டுது” என்பவர்களுக்கு: கடைக்காரர் ஏமாற்றவில்லை. தகட்டுக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. இடம் ஒன்றுதான். ஆனால் அந்த இடத்தை விளிம்புவரை நிரப்பாதீர்கள். ஏன் என்பதில்தான் அடுத்த புகாருக்கு விடை இருக்கிறது.

“தாலி கட்டுறவரைக்கும் நல்லா ஓடுது, பந்தி வந்ததும் நிக்குது.” தகட்டின் பாதை நடுவிலிருந்து தொடங்கி விளிம்பை நோக்கிச் சுருள் சுருளாகப் போகிறது. ஒரு சிடியில் அதை நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே படத்தின் கடைசிப் பகுதி இருப்பது விளிம்பில். விரல் படுவது அங்கே, வெயிலில் தகடு வளைந்தால் அதிகம் ஆடுவது அங்கே, சாயப்பூச்சு சீராக இல்லாமல் போவதும் அங்கேதான். கடைசியில் மட்டும் நிற்கும் தகட்டை முதலில் விளிம்போரம் துடைத்துப் பாருங்கள். புதிதாக எழுதும்போது 4.2 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

துடைப்பதற்கும் முறை உண்டு. சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாக. குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளியைத்தான் அழிக்கும். சிடி தன் பாதையில் தொடர்ந்து இரண்டரை மில்லிமீட்டர் வரை அழிந்தாலும் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். பாதை நெடுகப் போகும் கீறல் அந்த எல்லையைத் தாண்டிவிடும். தண்ணீர், துளி சோப்பு, பஞ்சுத் துணி போதும். பட்டறையில் கிடைக்கிறதே என்று தின்னரைத் தொடாதீர்கள், பிளாஸ்டிக்கே பனிமூட்டமாகிவிடும்.

பளபளப்புப் பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைக்கிறோம், பெயர் எழுதும் பக்கத்தைக் கண்டுகொள்வதில்லை. சிடியில் விவரம் இருப்பது அந்த மேல்பக்கத்தை ஒட்டி, ஒரு மெல்லிய வார்னிஷுக்கு அடியில். பால்பாயிண்ட் பேனா அதைக் கிழித்துவிடும். டிவிடியில் விவரம் இரண்டு தகட்டுக்கு நடுவே இருப்பதால் அந்த ஆபத்து குறைவு. ஆனால் மணமக்கள் படத்தோடு ஸ்டுடியோவில் ஒட்டித் தரும் ஸ்டிக்கர் டிவிடிக்கு ஆகாது. ஒரு ஓரம் எழும்பினாலும் சுழலும்போது தள்ளாடும். உரிக்கவும் முயலாதீர்கள், சிடியானால் கண்ணாடிப் படலத்தோடு வந்துவிடும். எழும்பிய ஓரத்தை அழுத்திவிட்டு, ஓடுகிறவரை ஓட்டி நகல் எடுங்கள்.

நகல் எடுப்பதுதான் மிச்சமிருக்கிற வேலை. காப்பி செய்யும்போது ‘சைக்ளிக் ரிடண்டன்சி செக்’ என்று பிழை வந்தால், அந்தத் துண்டைப் படித்த கணக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். விண்டோஸ் அங்கேயே கையை விரித்துவிடும், பிழைக்குப் பின்னால் நல்ல பகுதி நிறைய இருந்தாலும். வேறு டிரைவில் முயலுங்கள். ஒன்று திணறும் இடத்தில் இன்னொன்று தாண்டிப்போவது உண்டு. லினக்ஸ் தெரிந்த பையன் வீட்டில் இருந்தால் ஜிஎன்யு டிடி-ரெஸ்க்யூ என்று சொல்லுங்கள். அது நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடத்துக்குப் பிறகு திரும்பி வரும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று குறித்தும் வைத்துக்கொள்ளும். அதனால் ஒரே தகட்டை இரண்டு மூன்று டிரைவில் மாற்றிப் போட்டு மிச்சத்தைச் சேர்க்கலாம். அண்ணன் வீட்டில் அதே கல்யாணத் தகட்டின் இன்னொரு பிரதி இருந்தால் வாங்கி வந்து பாருங்கள். உங்களுடையதில் போன காட்சி அதில் நன்றாக இருக்கக்கூடும்.

எடுக்கும்போது ‘வீடியோ-டிஎஸ்’ கோப்புறையை முழுதாக எடுங்கள். எம்பி4 ஆக்குவது, சுருக்குவது எல்லாம் அப்புறம். சுருக்கினால் தரம் போகும், போனது வராது. ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு வீட்டில் ஒன்று என இரண்டு பிரதி இருக்கட்டும். புது லேப்டாப்புகளில் டிரைவே வருவதில்லை என்பதால் இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். ஸ்டிக்கர் ஒட்டியதும் கடைசியில் நிற்பதும் முதல் வரிசை, மற்றவை பிறகு. வீட்டுக்குப் போனதும் அந்த முதல் வரிசையைப் பிரித்து வையுங்கள்; ஓடாததை மட்டும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாங்க, இங்கே இருக்கிற பழைய டிரைவிலும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம்.