எருவுக்கு அடங்குமா குரோமியம்? பாலாற்றங்கரை மண்ணில் நடக்கும் இழுபறி

'ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்' என்று கிராமத்தில் சொல்வார்கள். ஆட்டுப் புழுக்கை சீக்கிரம் மட்கி, போட்ட போகத்துக்கே பலன் தந்துவிடும். மாட்டுச் சாணம் நிதானமாக மட்கி அடுத்த வருஷப் பயிருக்குக் கைகொடுக்கும். விளைச்சலை வைத்துச் சொன்ன கணக்கு இது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாய்ந்த நிலங்களில் இதே கணக்குக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. மண்ணில் கிடக்கும் குரோமியம் எவ்வளவு காலம் அடங்கிக் கிடக்கும் என்பதில் எருவுக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை... பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் தொழில் பரவிய ஊர்கள் இவை. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய பிரபலமான தீர்ப்பு ஒன்று, இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ, முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டதாகப் பதிவுசெய்தது. ஏக்கரில் சொன்னால் 86,000-க்கும் மேல். அதோடு விவகாரம் முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது!

இழப்பீடு வரும்போது வரட்டும். நிலத்தை வைத்திருப்பவர்களின் கேள்வி நேரடியானது. எரு போட்டால் இந்த மண் தேறுமா?

ஒரே பெயர், இரண்டு குணம்

பதில் தெரிய, குரோமியத்தின் இரட்டை வேஷத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். இது நேர் மின்னேற்றம் கொண்டது. மண் துகள்களும் மட்கும் பெரும்பாலும் எதிர் மின்னேற்றம் கொண்டவை என்பதால், இது அவற்றோடு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் எளிதில் கரையாது. பயிர் உறிஞ்சினாலும் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும்.

ஆறு இணைதிறன் குரோமியம் இதற்கு நேர் எதிர். இது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. மண்ணில் குரோமேட்டாக, அதாவது எதிர் மின்னேற்றத்தோடு இருப்பதால், அதே மின்னேற்றம் கொண்ட மண் இதைப் பிடித்துவைப்பதில்லை. மழை பெய்தால் தண்ணீரோடு இறங்கி நிலத்தடி நீரில் கலந்துவிடும். ராணிப்பேட்டையில், 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை வளாகத்தில் 2 லட்சம் டன்னுக்கும் மேல் குவிந்த கழிவை நினைத்து மக்கள் பயப்படுவது இதனால்தான்.

எரு வேலை செய்வது இந்த இடத்தில்தான். எருவில் உள்ள கரிமப் பொருள், குரோமேட்டுக்கு எலெக்ட்ரான்களைக் கொடுத்து அதை மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாற்றுகிறது. மட்கும் எருவில் பெருகும் நுண்ணுயிர்கள் இந்த மாற்றத்தை வேகப்படுத்துகின்றன. மாறிய குரோமியத்தை, எருவிலிருந்து உண்டான மட்கே பிடித்துக்கொள்கிறது. ஆளை மாற்றி, அப்படியே கட்டிப்போடுவது போலத்தான்.

மண் விஞ்ஞானி நந்தி போலன் தலைமையிலான குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பயிர் வைத்தே சோதித்தது. தொழுவுரம், குதிரைச் சாணம், பன்றி எரு, கோழி எரு, மீன் எரு, காளான் வளர்த்த பிறகு மிஞ்சும் கழிவு, கழிவுநீர்ச் சேற்றிலிருந்து தயாரித்த கம்போஸ்ட் என ஏழு வகைகளை, கரிமச்சத்து குறைந்த மண்ணில் கலந்தார்கள். பிறகு ஆறு இணைதிறன் குரோமியத்தைச் சேர்த்துக் கடுகு வளர்த்தார்கள். எரு கலந்த மண்ணில் குரோமேட் மாறும் வேகம் கூடியது, செடிக்குக் கிடைக்கும் அளவு குறைந்தது.

கட்டிப்போட்டது அவிழுமா?

அவிழலாம். எரு எந்த உலோகத்தையும் மண்ணிலிருந்து வெளியேற்றுவதில்லை. போட்ட எரு மட்கித் தீர்ந்துகொண்டே போகும், குரோமியம் தீராது. மண்ணில் இயற்கையாக இருக்கும் மாங்கனீசு ஆக்சைடுகளுக்கு மூன்று இணைதிறன் குரோமியத்தின் ஒரு பகுதியைத் திரும்பவும் ஆறாக மாற்றும் சக்தி உண்டு. ஆகவே ஒரு தடவை கொட்டிவிட்டு மறந்துவிட முடியாது. தமிழ்நாட்டில் பொதுவான பரிந்துரையே ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம், அதாவது ஏக்கருக்கு 5 டன். மாடு குறைந்துபோன ஊரில் வருஷா வருஷம் இதற்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி.

எல்லா உலோகமும் எருவிடம் ஒரே மாதிரி நடந்துகொள்வதும் இல்லை. காரீயம் ஓரளவு சமர்த்து. எருவில் உள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து எளிதில் கரையாத கனிமமாக மாறிவிடும். தாமிரத்தை நன்றாக மட்கிய எரு கெட்டியாகப் பிடிக்கும். ஆனால், பச்சைச் சாணத்திலிருந்து கசியும் கரைந்த கரிமப் பொருள் அதே தாமிரத்தைத் தண்ணீரோடு கீழே இழுத்துப் போய்விடும். ஆர்சனிக் விஷயத்தில் கதை தலைகீழ். பாஸ்பேட்டும் ஆர்சனேட்டும் கிட்டத்தட்ட ஒரே சாயல் கொண்டவை என்பதால், எருவின் பாஸ்பேட் மண்ணில் இடம்பிடித்து ஆர்சனிக்கை வெளியே தள்ளும். நீர் தேங்கிய நெல் வயலில் எரு மட்கும்போது ஆக்சிஜன் குறைந்து, ஆர்சனிக்கைப் பிடித்துவைத்திருந்த இரும்பு ஆக்சைடுகளும் கரையத் தொடங்கும். ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரைப் பாய்ச்சும் மேற்கு வங்க வயல்களில் எருவை யோசித்துத்தான் போட வேண்டும்.

பாலாற்றங்கரையில் இன்னொரு சிக்கல், உப்பு. தோல் கழிவுநீரோடு வந்த உப்பை எருவால் குரோமியத்தைப் போலக் கட்டிப்போட முடியாது. மண்ணைப் பொலபொலப்பாக்கி, நல்ல தண்ணீர் கிடைத்தால் உப்பு கீழே இறங்க வழிவிடும், அவ்வளவுதான். இந்த நிலத்தில் கோழி எருவை அள்ளிக் கொட்டினால், அதிலேயே உள்ள உப்பும் சேர்ந்துகொள்ளும்.

எருவோடு வரும் விருந்தாளி

வாங்கும் எருவையும் கொஞ்சம் சந்தேகப்படலாம். கோழி, பன்றித் தீவனத்தில் தாமிரமும் துத்தநாகமும் சேர்ப்பது வழக்கம். உடம்பில் தங்காதது எச்சத்தில் வந்துவிடும். பன்றிக்குட்டிகளின் வயிற்றுப்போக்குக்கு மருந்தாகக் கொடுத்த துத்தநாக ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனோடு நிறுத்தியது இதை முன்வைத்துத்தான். அமெரிக்காவில் 2015 வரை ஆர்சனிக் கலந்த கோழி மருந்தே விற்பனையில் இருந்தது.

நகரக் குப்பையிலிருந்து வரும் கம்போஸ்ட்டுக்கு இந்தியாவின் உரக் கட்டுப்பாட்டு ஆணை வரம்பு வைத்திருக்கிறது. கிலோவுக்கு குரோமியம் 50, காரீயம் 100, காட்மியம் 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மூட்டையாக வாங்கினால் பரிசோதனை அறிக்கை கேட்கலாம். டிராக்டரில் வந்து இறங்கும் எருவுக்கு யாரிடம் அறிக்கை கேட்பது?

2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 விவரங்கள் இருக்கின்றன. கார அமிலத்தன்மை, உப்பின் அளவு, கரிமச்சத்து மூன்றும் அதில் வந்துவிடும். குரோமியம், காரீயம், காட்மியம் மூன்றுக்கும் அதில் இடமில்லை. தோல் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் நிலம் இருந்தால், கன உலோகப் பரிசோதனையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். குரோமியத்தில் மொத்த அளவு மட்டும் போதாது, ஆறு இணைதிறன் வடிவம் எவ்வளவு என்பதையும் தனியாகப் பார்க்கச் சொல்ல வேண்டும். கிணற்றுத் தண்ணீருக்கும் இதே பரிசோதனைதான்.