கண்ணை வழிநடத்தும் சட்டகம்

விழித்திரையின் நடுவே உள்ள மையக்குழி என்னும் சிறு பள்ளமே நுண்ணிய விவரங்களைத் தெளிவாகக் காணவல்லது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரலின் அகலம் மறைக்குமளவு, அதாவது ஏறத்தாழ 2 பாகையே, அதன் எல்லை என்பதால், ஒரு படத்தைப் பார்ப்பவரின் கண்கள் ஓரிடத்தில் நில்லாமல் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவிக்கொண்டே இருக்கின்றன. ஒளிப்படக் கலையின் அமைப்பு விதிகள், அதாவது சட்டகத்துக்குள் எதை எங்கே வைப்பது என்னும் நெறிகள், இத்தாவல்களுக்கு வழியமைத்துக் கொடுப்பதாலேயே பயன் தருகின்றன.

படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் இரண்டிரண்டு கோடுகளால் ஒன்பது கட்டங்களாகப் பகுத்து, முதன்மைப் பொருளைக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமொன்றில் வைக்கச் சொல்லும் மூன்றிலொரு பங்கு விதி, கேமராவைவிட மூத்தது. ஓவியரும் செதுக்குக் கலைஞருமான இங்கிலாந்தின் ஜான் தாமஸ் ஸ்மித், நிலக்காட்சியில் வானத்துக்கு மூன்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ ஒதுக்குமாறு 1797-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். இவ்விகிதத்துக்கே தனி ஆற்றல் உண்டெனக் கற்பிப்பது பிழை. அமெரிக்க உளவியலாளர் ஸ்டீபன் பால்மரும் உடன் ஆய்ந்தோரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நேர்முகமாக நிற்கும் பொருள் நடுவில் இருப்பதையும், பக்கவாட்டில் திரும்பிய பொருள் ஓரமாக விலகிச் சட்டகத்தின் உட்புறம் நோக்கி அமைவதையுமே பார்வையாளர்கள் விரும்பினர். ஒரு முகம் பார்க்கும் திசையையும் ஓர் உருவம் நகரும் திசையையும் கண் தானாகவே பின்தொடர்வதால், அத்திசையில் வெற்றிடம் இருந்தால் பார்வை படத்துக்குள்ளேயே உலவுகிறது. இல்லையேல் விளிம்பில் முட்டி வெளியேறிவிடுகிறது.

கோடுகளும் கண்ணை வலுவாக ஈர்க்கின்றன. சீராகத் தொடரும் கோட்டை மனம் துண்டுகளாகக் காணாமல் ஒரே ஓட்டமாகக் கொள்கிறது என்பதை, உருவங்களை மனம் முழுமையாகவே உணர்கிறது எனக் கொண்ட கெஸ்டால்ட் உளவியலின் முன்னோடி மாக்ஸ் வெர்தைமர் 1923-இல் விளக்கினார். இதற்குச் சான்றாக, ஓவியர் ஆந்த்ரே லோத்திடம் பயின்ற ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன், 1932-இல் பிரான்சின் இயேர் நகரில் எடுத்த படத்தில், சுழன்றிறங்கும் படிக்கட்டும் அதன் இரும்புக் கைப்பிடியும் துல்லியமாகத் தெரிய, கீழே தெருவில் விரையும் மிதிவண்டிக்காரர் மட்டும் மங்கலாகக் கலைந்திருக்கிறார். தெளிவானதே கண்ணைக் கவரும் என்னும் எதிர்பார்ப்புக்கு மாறாக, வளைவுகள் அனைத்தும் தெருவை நோக்கியே இறங்குவதால் பார்வை அந்த மங்கலான உருவத்தையே சென்றடைகிறது. கைப்பிடியை நீக்கிவிட்டால், அதே இடத்தில் இருக்கும் அதே மனிதர் எளிதில் கவனத்துக்குத் தப்பிவிடுவார்.