கத்திரி வெயிலில் லேப்டாப் ஏன் திணறுகிறது?

தாம்பரம் மெப்ஸ் வளாகத்து நிறுவனமொன்றின் மென்பொருளாளர் மே மாதம் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார். கம்பைல் தொடங்கிய சில நிமிடங்களில் லேப்டாப் மந்தமாகிறது. ஏன்?

பல பிராசசர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தற்காப்புக்காக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெப்பம் எவ்வளவு வெளியேறும் என்பது சிப்புக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. ஏசி அறை 25 டிகிரி என்றால் வித்தியாசம் 75. முடிச்சூர் மொட்டைமாடி அறை 38 என்றால் வெறும் 62. அதே விசிறி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவான வெப்பத்தையே தள்ளும்.

ஆகவே புது லேப்டாப் வாங்கும்போது மெலிந்த அழகில் மயங்க வேண்டாம். விசிறியே இல்லாத மாடல் கடையில் சுறுசுறுப்பாகத்தான் தெரியும். நீண்ட கம்பைலில் தளர்ந்துவிடும். இரட்டை விசிறி, சற்றுத் தடித்த உடல், குறைந்தது 16 ஜிபி ரேம் பாருங்கள். அந்த ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். அப்படியென்றால் பிறகு கூட்ட வழியில்லை.