தரம் குறைந்த இரும்புத் தாதுவை மேம்படுத்துவது எப்படி? குதிரேமுக் அனுபவம் கூறுவது என்ன?

பூமியிலிருந்து வெட்டியெடுக்கப்படும் இரும்புத் தாது அனைத்தும் நேரடியாக உலைக்குச் செல்வதில்லை. 60 சதவீதத்துக்கும் மேல் இரும்பு கொண்ட தாதுவையே ஊதுலைகள் பெரிதும் விரும்புகின்றன. சிலிக்காவும் அலுமினாவும் மிகுந்தால் கசடு பெருகும். கற்கரிச் செலவும் உயரும். எனவே, தரம் குறைந்த தாது முதலில் செறிவூட்டப்படுகிறது.

செயல்முறை

தாதுப் பாறை உடைக்கப்பட்டு, ஆலைகளில் மாவுபோல் அரைக்கப்படுகிறது. இரும்புத் துகளும் மணல் துகளும் தனித்தனியே பிரிவதற்கு இதுவே அடிப்படை. மின்சாரம் அதிகம் செலவாகும் கட்டமும் இதுவே. மேக்னடைட் தாதுவைக் காந்தம் எளிதில் ஈர்ப்பதால், காந்த உருளைகள் அதனைப் பிரித்தெடுக்கின்றன. ஹெமடைட் தாதுவுக்கு எடை வேறுபாட்டைப் பயன்படுத்தும் நீர்ச்சுழல் கருவிகளோ, வலிமை மிக்க காந்தங்களோ தேவைப்படுகின்றன. எஞ்சும் சிலிக்காவை, ரசாயனம் கலந்த நீரில் காற்றுக்குமிழிகளைச் செலுத்தி நுரையுடன் அகற்றலாம். இவ்வாறு கிடைக்கும் தூள் உருண்டைகளாக்கப்பட்டு, சூளையில் சுடப்படுகிறது.

குதிரேமுக் பாடம்

கர்நாடகத்தின் குதிரேமுக்கில், 1976இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனம் இதனைப் பெரிய அளவில் செய்துகாட்டியது. அங்கு சுமார் 38 சதவீத இரும்பு கொண்ட மேக்னடைட் தாது, சுமார் 67 சதவீதமாக உயர்த்தப்பட்டது. நீருடன் குழம்பாகக் கலந்த தூள், 67 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியாக மங்களூரு துறைமுகப் பகுதியை அடைந்தது.

ஆனால், கணக்கின் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. ஒரு டன் தாதுவில் இருப்பது 380 கிலோ இரும்பு. அது முழுவதும் மீட்கப்பட்டாலும், 67 சதவீதத் தரத்தில் கிடைப்பது சுமார் 567 கிலோ மட்டுமே. எஞ்சிய 430 கிலோவுக்கும் மேற்பட்டது, நீருடன் கலந்த நுண்கழிவு. அதனைத் தேக்கவே லக்யா அணை கட்டப்பட்டது. சுரங்கம் அமைந்த இடமோ, பத்ரா ஆறு பிறக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடு. 2002இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, 2005 இறுதியில் சுரங்கப்பணி நின்றது. மங்களூரு உருண்டை ஆலை பின்னர் வெளியிலிருந்து வாங்கிய தாதுவைச் சார்ந்தே இயங்கியது.

தமிழகத்தில்

சேலம் கஞ்சமலையிலும் திருவண்ணாமலை கவுத்திமலை, வேடியப்பன் மலையிலும் இதே வகைத் தாது உள்ளது. திருவண்ணாமலையில் சுரங்கத் திட்டத்துக்கு வனத்தைக் காக்கக் கோரி எதிர்ப்பு எழுந்தது. கஞ்சமலை அடிவாரத்தில் உள்ள சேலம் உருக்காலையோ, அந்த மலையின் தாதுவைப் பயன்படுத்தாமல் துருப்பிடிக்காத எஃகையே தயாரிக்கிறது.

தேசிய எஃகுக் கொள்கை 2017, 2030-31இல் 30 கோடி டன் உற்பத்தித் திறனை இலக்காகக் கொண்டுள்ளது. உயர்தரத் தாது குறையக் குறைய, செறிவூட்டலின் தேவை கூடும். தாதுவைப் பிரிக்கும் தொழில்நுட்பம் இன்று கைவசம் உள்ளது. அதற்கான நீரை எங்கிருந்து பெறுவது, கழிவை எங்கே வைப்பது என்பவையே ஒவ்வொரு திட்டமும் விடை காண வேண்டிய கேள்விகள்.