டிசம்பரில் பிறந்த பையன்கள் எங்கே?

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் லெத்பிரிட்ஜ் என்றொரு நகரம். 1980-களில் ஒருநாள், அங்கு நடந்த ஜூனியர் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைப் பார்க்க உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி குடும்பத்தோடு போயிருந்தார். அரங்கில் கிடைத்த ஆட்டக் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி பாலாவின் கண்ணில் ஒன்று பட்டது. வீரர்களின் பெயருக்கு எதிரே இருந்த பிறந்த தேதிகளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்றே திரும்பத் திரும்ப வந்தன. ஆண்டின் கடைசி மாதங்கள் அபூர்வமாகவே தென்பட்டன.

இது தற்செயலாக இருக்குமோ என்று மற்ற அணிகளின் பட்டியல்களையும் பார்ன்ஸ்லி எடுத்துப் பார்த்தார். அங்கும் அதே கதைதான். கஸ் தாம்சன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து கணவன் மனைவி இருவரும் 1985-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். விளையாட்டு அறிவியலில் 'ஒப்பு வயது விளைவு' என்ற பேச்சு பரவியதற்கு அந்தக் கட்டுரை முக்கியக் காரணம்.

நாளைய நட்சத்திரங்களைத் தேடி அலையும் தொழில்முறை அணிகளுக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை கிடையாது. கண்ணெதிரே ஒரு பையன் பிரமாதமாக ஆடுகிறான் என்றால், அது அவனுடைய திறமையா அல்லது வயதா?

ஜனவரி 1 என்ற கோடு

கனடாவில் சிறுவர் ஹாக்கி பிரிவுகள் பிறந்த ஆண்டை வைத்தே பிரிக்கப்படுகின்றன. ஜனவரி 1-ல் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பர் 31-ல் பிறந்தவனும் ஒரே பிரிவில் மோதுகிறார்கள். முப்பது வயதில் பன்னிரண்டு மாத இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. பத்து வயதில் அதுவே வாழ்ந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு.

மூத்தவன் கொஞ்சம் உயரம், கொஞ்சம் கனம், கொஞ்சம் வேகம். பயிற்சியாளர் தேர்வு அணிக்கு அவனை எடுக்கிறார். அங்கே நல்ல பயிற்சி, கூடுதல் ஆட்டங்கள், பனித்தளத்தில் கூடுதல் நேரம் எல்லாம் கிடைக்கின்றன. அடுத்த ஆண்டு அவன் உண்மையிலேயே மேலான ஆட்டக்காரனாகிவிடுகிறான். முந்தி நட்ட நாற்று உயரமாக நிற்பதைப் பார்த்து, அதுதான் நல்ல விதை என்று உரம் முழுவதையும் அதற்கே போடுவது போன்றது இது. விட்டுப்போன டிசம்பர் பையன்களில் பலர் பதினான்கு, பதினைந்து வயதுக்குள் மட்டையை வைத்துவிடுகிறார்கள்.

எலும்பு சொல்லும் வயது

பிறப்புச் சான்றிதழ் சொல்லும் வயது ஒன்று, உடல் எட்டியிருக்கும் வயது வேறொன்று. ஆண் பிள்ளைகளின் உயரம் மிக வேகமாகக் கூடுவது சராசரியாகப் பதினான்கு வயதையொட்டி. அந்த உச்சத்தில் ஓராண்டில் 9 முதல் 10 செ.மீ. வரை வளர்வார்கள். ஆனால் இது சராசரிக் கணக்குதான். ஒருவனுக்குப் பன்னிரண்டிலேயே அந்த உச்சம் வந்துவிடும், இன்னொருவனுக்குப் பதினாறாகும். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பையன்களின் மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், வளர்ச்சியில் சில ஆண்டு வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

எக்ஸ்ரே இல்லாமலும் ஓரளவு கணிக்கலாம். வளரும் பருவத்தில் முதலில் கால்கள் நீள்கின்றன, உடற்பகுதி பிறகே நீள்கிறது. ஆகவே பையனை நிற்கவைத்து ஒரு முறையும் உட்காரவைத்து ஒரு முறையும் உயரத்தை அளந்து, எடையையும் வயதையும் சேர்த்துக் கணக்கிட்டால், வளர்ச்சி உச்சத்துக்கு அவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். இந்தச் சூத்திரத்தை 2002-ல் வெளியிட்டவர்கள், கனடாவின் ஹாக்கிப் பூமியான சஸ்காட்சுவான் மாகாணத்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும்.

ஐஸ் ஹாக்கியில் உடல் வளர்ச்சிக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. எதிராளியை உடலால் இடித்துத் தள்ளுவது இந்த ஆட்டத்தின் விதிக்கு உட்பட்டது. 11, 12 வயதுப் பிரிவில் அந்த மோதலை ஹாக்கி கனடா அமைப்பு 2013-ல் தடைசெய்தது. அதற்கடுத்த 13, 14 வயதுப் பிரிவில் அனுமதி உண்டு. பையன்களின் உடல்களுக்குள் வித்தியாசம் மிகப் பெரிதாக இருப்பது சரியாக அந்த வயதில்தான்.

பதினேழு வயதில் தீர்ப்பு

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் 32 அணிகள் இருக்கின்றன. இளம் வீரர்களை அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' ஆண்டுதோறும் நடக்கிறது. 1963-ல் தொடங்கிய ஏற்பாடு இது. இன்று ஏழு சுற்று, 224 இடங்கள். செப்டம்பர் 15-க்குள் பதினெட்டு வயது நிறைபவர்கள் தகுதி பெறுவார்கள். அதாவது பதினேழு வயதுப் பையனைப் பார்த்து, இருபத்தைந்து வயதில் அவன் எப்படி ஆடுவான் என்று சொல்லியாக வேண்டும். ஸ்கவுட் எனப்படும் திறமை தேடுபவர்களின் பிழைப்பே இதுதான்.

இந்தக் கணிப்பு எவ்வளவு சரியாக இருக்கிறது? மிச்சிகனைச் சேர்ந்த ராபர்ட் டீனர் தலைமையிலான குழு, 1980 முதல் 2007 வரை தேர்வான கனடா வீரர்களை ஆராய்ந்து 2013-ல் முடிவுகளை வெளியிட்டது. தேர்வானவர்களில் 36 சதவீதம் பேர் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள். கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் 14.5 சதவீதம் மட்டுமே. இதுவரை பழைய செய்திதான்.

அடுத்துச் சொன்னதுதான் அணி நிர்வாகிகளைத் திடுக்கிட வைத்திருக்க வேண்டும். ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்கள், பின்னாளில் அவர்கள் காட்டிய ஆட்டத்துக்கு உரிய இடத்தைவிட 40 இடங்களுக்கும் மேல் பின்தள்ளித் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்கள். 400 ஆட்டங்கள் ஆடுவது, 200 புள்ளிகள் எடுப்பது போன்ற மைல்கற்களை, அதே இடத்தில் தேர்வான முற்பாதிக்காரர்களைவிட இவர்கள் எட்டும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு. ஒன்பது வயதுப் பையனைத் தேர்ந்தெடுக்கும் உள்ளூர்ப் பயிற்சியாளர் ஏமாறுவதைப் புரிந்துகொள்ளலாம். சம்பளம் வாங்கிக்கொண்டு இதே வேலையைச் செய்யும் நிபுணர்களும் இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரே பக்கம் சாய்ந்தே தவறியிருக்கிறார்கள்.

டிராஃப்ட்டின் சொந்தக் கோடும் குழப்பத்தைக் கூட்டுகிறது. ஒரே டிராஃப்ட்டில் முதன்முறை நிற்கும் இருவரில், செப்டம்பர் 15-ல் பிறந்தவனுக்கு ஜூன் கடைசியில் வயது பதினேழே முக்கால். முந்தைய ஆண்டு செப்டம்பர் 16-ல் பிறந்தவனுக்குப் பதினெட்டே முக்கால். அரிசோனாவில் வளர்ந்த ஆஸ்டன் மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. இரண்டே நாளில் 2015 டிராஃப்ட்டைத் தவறவிட்டார். அடுத்த பருவத்தை சுவிட்சர்லாந்தில் பெரியவர்களோடு ஆடிக் கழித்துவிட்டு வந்து 2016-ல் முதல் ஆளாகத் தேர்வானார். இதனால்தான், ஒரு பையன் இத்தனை புள்ளிகள் எடுத்தான் என்று மட்டும் பார்க்காமல், எந்த லீக்கில், எத்தனை வயது எத்தனை மாதத்தில் எடுத்தான் என்று கணக்குப் போடும் புள்ளியியலாளர்களை அணிகள் இப்போது வேலைக்கு வைத்துக்கொள்கின்றன.

வட்டைப் பார்க்காத கண்

எண்கள் வந்துவிட்டதால் நேரில் பார்க்கும் கண் தேவையில்லை என்று ஆகிவிடாது. கண் எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

ஐஸ் ஹாக்கியில் ஒருவர் ஒரு தடவை பனித்தளத்தில் இறங்கினால் சுமார் 45 வினாடிதான். பிறகு பெஞ்சுக்குத் திரும்பி மூச்சு வாங்குவார், வேறொருவர் இறங்குவார். நல்ல ஸ்கவுட் அந்த 45 வினாடியும் ரப்பர் வட்டைப் பின்தொடர மாட்டார், பையனை மட்டுமே பார்ப்பார். வட்டு தன்னிடம் வருவதற்கு முன்பே அவன் தோளுக்குமேல் திரும்பிப் பார்த்து, எதிராளி எங்கே வருகிறான் என்று தெரிந்துகொண்டானா? திரும்பும்போது சறுக்குக் காலணியின் உள்விளிம்பு, வெளிவிளிம்பு இரண்டையும் பயன்படுத்துகிறானா? பறிகொடுத்த வட்டை மீட்க உடனே பின்னால் ஓடினானா? பதினைந்து வயதில் இடித்துத் தள்ளிக் கிடைக்கும் வெற்றி, எல்லாரும் வளர்ந்து முடித்ததும் கரைந்துவிடும். பார்வையும் முடிவெடுக்கும் வேகமும் கரையாது. சிறிய உடலோடு பெரியவர்களுக்கு நடுவே தாக்குப்பிடித்த பையன், வேறு வழியில்லாமல் இவற்றைத்தான் கற்றிருப்பான்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்கு ஐரோப்பாவில் ஆள் தேடியவர் சுவீடன்காரரான ஹோகன் ஆண்டர்சன். ரஷ்யாவில் வேறொரு வீரரைப் பார்க்கப் போன இடத்தில் பாவெல் தட்சியூக் அவர் கண்ணில் பட்டார். பெரிய உடம்பு இல்லை. வயதும் இருபதை நெருங்கியிருந்தது. 1998-ல் 171-வது இடத்தில் டெட்ராய்ட் அவரை எடுத்தது. மறு ஆண்டு 210-வது இடத்தில், அக்டோபரில் பிறந்த சுவீடன் வீரர் ஹென்ரிக் செட்டர்பெர்க்கை எடுத்தது. அந்த 1999 டிராஃப்ட்டில் முதல் ஆளாக அட்லாண்டா தேர்ந்தெடுத்த பாட்ரிக் ஸ்டெஃபான் லீக்கில் ஆடியது 455 ஆட்டங்கள். செட்டர்பெர்க் ஆடியது 1,082. தட்சியூக்கும் செட்டர்பெர்க்கும் சேர்ந்து 2008-ல் டெட்ராய்ட்டுக்கு லீக்கின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையை வென்று தந்தார்கள். இறுதிக்கட்டத் தொடரின் சிறந்த வீரர் விருதும் செட்டர்பெர்க்குக்கே கிடைத்தது.

சட்டை எண்ணில் இருக்கும் தீர்வு

பிறந்த தேதியைச் சொல்லிவிட்டால் தேர்வாளர்கள் திருந்திவிடுவார்களா? நெதர்லாந்தில் கால்பந்துத் தேர்வாளர்களை வைத்து டேவிட் மேனும் அவருடைய சக ஆய்வாளரும் நடத்திய சோதனை 2017-ல் வெளியானது. பிறந்த தேதிகளைப் பட்டியலாகக் கொடுத்தபோதும் தேர்வாளர்கள் மூத்த பையன்கள் பக்கமே சாய்ந்தார்கள். சிறுவர்களின் சட்டை எண்களை வயது வரிசைப்படி அமைத்து, அதைத் தேர்வாளர்களிடம் சொல்லிவிட்டபோது அந்தச் சாய்வு மறைந்தது. தகவல் கையில் இருந்தால் போதாது, பையன் ஓடும்போது அவன் முதுகிலேயே தெரிய வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. வயதை மாதக் கணக்கில் குறிப்பது, சட்டை எண்ணை வயது வரிசையில் தருவது, உட்கார்ந்த உயரத்தை ஆண்டுக்கு இரு முறை அளப்பது ஆகிய மூன்றும் எந்த மைதானத்திலும் செய்யக் கூடியவை. ஹாக்கியோ வேறு எந்த ஆட்டமோ, பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: அடுத்த தேர்வு நாளில் பட்டியலை இறுதிசெய்யும் முன் பிறந்த மாதங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களே அதில் நிறைந்திருந்தால், நீங்கள் எடுத்தது திறமையை அல்ல, வயதை.