கட்டிலருகே இன்னொருவர்



தமிழ்ப்பள்ளி ஆசிரியராகிய நாம் புற்றுநோயைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நோயைப் பற்றிச் சொல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். நாம் சொல்ல வந்தது நோயாளியைப் பற்றியும் அன்று. அவருடைய கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருக்கிறாரே, அந்த இன்னொருவரைப் பற்றி. அவரை நமக்குக் காட்டிக் கொடுத்தது ஒரு வகுப்பறை.

சில ஆண்டுகளுக்கு முன் டெங்கில் வட்டாரத்தில் நாம் ஐந்தாம் ஆண்டு வகுப்பெடுத்து வந்தோம். அவ்வகுப்பில் ஒரு மாணவி. காலை எட்டு மணிக்கே மேசைமேல் தலைசாய்த்து உறங்கிவிடுவாள். வீட்டுப்பாடம் முடித்திருக்க மாட்டாள். இருமுறை கண்டித்தோம். மூன்றாம் முறை வகுப்பின் பின்புறத்தில் நிற்க வைத்தோம். தவணை முடிவில் அவளுடைய தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிட வந்தவர் தாயார் அல்லர், அத்தை. தாயாருக்கு மார்பகப் புற்றுநோய், அது முதுகெலும்புவரை பரவிவிட்டது என்றார். தந்தைக்கு விமான நிலையத்தில் இரவு வேலை. அத்தை தம் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு அண்ணிக்குப் பணிவிடை செய்து வந்தார். அவர் அசதியில் கண்ணயர்ந்த வேளையில் தாய் முனகினால், எழுந்து தண்ணீர் கொடுப்பவள் அந்தச் சிறுமி. நாம் நிற்க வைத்தது ஒரு சோம்பேறியை அன்று, ஒரு தாதியை என்பது அன்றுதான் புரிந்தது.

"அண்ணிக்கு எப்படி இருக்குன்னு எல்லாரும் கேக்குறாங்க ஐயா. எனக்கு எப்படி இருக்குன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார் அந்த அம்மையார். சொன்ன மறுகணமே, ஏதோ பிழை செய்துவிட்டவர்போல் நாக்கைக் கடித்துக்கொண்டார். நோயாளி அங்கே துடித்துக்கொண்டிருக்க, நம் வருத்தத்தைச் சொல்வது தகுமா என்ற கூச்சம் அது. அந்தக் கூச்சம் தேவையற்றது என்பதைச் சொல்லத்தான் இன்று வந்துள்ளோம்.

நம் வட்டாரத்தில் இந்தப் பாரம் கூடியதற்கு ஒரு காரணமும் உண்டு. இன்று நாட்டின் நிர்வாகத் தலைநகராக விளங்கும் புத்ராஜெயா ஒரு காலத்தில் பிராங் பெசார் தோட்டமாக இருந்தது. 1990களில் நகரம் எழுந்தபோது, அங்கும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் பால்மரம் வெட்டியும் செம்பனை அறுத்தும் வாழ்ந்த நம் மக்கள் பலர் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். லயத்து வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அடுத்த வீட்டுக்குச் சுவர் வழியே கேட்கும். கஞ்சி ஒரு வீட்டிலிருந்து வரும். பிள்ளைகள் இன்னொரு வீட்டில் உறங்கும். இரவு விழிக்க முறைவைத்து ஆள் வருவார்கள். லயத்து வாழ்க்கை சொர்க்கமாக இருந்தது என்று நாம் சொல்லவில்லை. அதன் குறைகளை அனுபவித்தே வளர்ந்தோம். ஆயினும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பாரம் அங்கே பல தோள்களில் இருந்தது. மாடிவீட்டில் கதவைச் சாத்தினால் அது ஒருவர் தோளில் விழுந்துவிடுகிறது. பெரும்பாலும் அவர் ஒரு பெண்.

அதே புத்ராஜெயாவில் 2013 ஆம் ஆண்டு முதல் தேசியப் புற்றுநோய்க் கழகம் இயங்கி வருகிறது. சிகிச்சை நமக்கு அருகில் வந்துவிட்டது, நல்லதே. ஆனால் இக்காலப் புற்றுநோய்ச் சிகிச்சையில் பெரும்பகுதி நோயாளியை வார்டில் தங்க வைத்துச் செய்யப்படுவதில்லை. கதிரியக்கச் சிகிச்சை என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை நாள்தோறும், சில வேளைகளில் பல வாரங்கள், சென்று திரும்ப வேண்டும். வேதியல் மருந்து ஏற்றினால் அன்றே வீட்டுக்கு அனுப்பி விடுவதுண்டு. வாந்தி, காய்ச்சல், வலி எல்லாம் பிறகு வீட்டில்தான். ஆகவே வீட்டிலிருப்பவர் சமையற்காரராக, தாதியாக, வண்டி ஓட்டுபவராக, கணக்குப்பிள்ளையாக, அழுவதற்குத் தோள் கொடுப்பவராக ஒரே நாளில் மாறவேண்டியிருக்கிறது. இதற்கெல்லாம் அவருக்கு யாரும் பயிற்சி தந்ததில்லை.

இதனால் அவருக்கு என்ன நேர்கிறது? மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த டாக்டர் டான் செங் பெங்கும் அவர்தம் குழுவினரும், தீராநோயாளிகளைப் பராமரிக்கும் குடும்பத்தாரிடம் நேரில் பேசி, அவர்கள் படும் துன்பத்தை ஆராய்ந்து 2013 இல் வெளியிட்டனர். நோயாளியின் வலியைப் பார்த்துப் பார்த்துத் தாமும் வலி கொள்ளுதல், நாளை என்ன ஆகுமோ என்ற அச்சம், எதுவும் செய்ய முடியவில்லையே என்ற கையறு நிலை, கடமையின் சுமை எனத் துன்பம் பல முகங்களோடு வருவதை அவர்கள் எடுத்துக் காட்டினர். எங்கோ மேலைநாட்டில் எடுத்த கணக்கன்று இது. நம் நாட்டு மக்கள் தங்கள் வாயால் சொன்னது.

இத்துன்பம் உள்ளத்தோடு நின்றுவிடுவதுமில்லை. சுல்ஸ், பீச் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1999 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 66 முதல் 96 வயது வரையுள்ள மூத்தோரை நான்கு ஆண்டுகள் கவனித்து வந்தனர். உடல்நலம் குன்றிய துணைவரைப் பராமரித்து, அதனால் மன அழுத்தத்துக்கும் ஆளானவர்கள், அத்தகைய பொறுப்பு இல்லாதவர்களைக் காட்டிலும் இறந்துபோகும் வாய்ப்பு 63 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அந்த ஆய்வு புற்றுநோயை மட்டும் பற்றியதன்று. எனினும் பராமரிப்பவரின் மனச்சுமை அவர் உயிரையே பாதிக்கக்கூடும் என்பதை உலகம் அதன்வழி கவனித்தது.

நம் குடும்பங்களில் இச்சுமையோடு இன்னொன்றும் சேர்கிறது. "நோயின் பெயரை அவரிடம் சொல்லிவிடாதீர்கள் டாக்டர்" என்று கேட்டுக்கொள்வது நம்மிடையே வழக்கம். அன்பினால் செய்வதுதான். ஆனால் அன்று முதல் பராமரிப்பவர் நாள் முழுவதும் முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிவைத்துக்கொண்டு நடிக்கவேண்டும். நோயாளியோ பல வேளைகளில் உண்மையை ஊகித்திருப்பார். வீட்டார் வருந்துவார்களே என்று அவரும் நடிப்பார். ஒரே அறையில் இருவர், ஒரே அச்சம், ஆனால் தனித்தனியே சுமக்கிறார்கள்.

சரி, இதற்கு மருந்து உண்டா? உளச்சிகிச்சை என்று ஒன்று உண்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும் தஞ்சோங் ரம்புத்தானை நினைத்து அஞ்சுபவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அச்சம் வேண்டா. இது பெரும்பாலும் பேச்சுவழிச் சிகிச்சை. பயிற்சி பெற்ற ஒருவர், ஏறத்தாழ ஒரு மணி நேரம், குறித்த நாளில், உங்களுக்காக மட்டும் அமர்ந்து கேட்பார். நீங்கள் சொல்வது பொதுவாக அந்த அறையைவிட்டு வெளியே போகாது. "தைரியமாக இருங்கள்" என்று உறவினர் சொல்வது போன்ற ஆறுதலும் அன்று இது. அதற்கென முறைகள் உண்டு.

ஒரு முறை, எண்ணங்களைச் சோதித்துப் பார்ப்பது. "நான் அன்று சற்று நேரம் உறங்காதிருந்தால் அண்ணிக்குக் காய்ச்சல் ஏறியிருக்காது" என்று ஒருவர் நம்பிக்கொண்டிருக்கலாம். அந்த எண்ணத்தை ஒரு தாளில் எழுதி, அதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று சிகிச்சையாளர் அவரோடு சேர்ந்து ஆராய்வார். குற்ற உணர்ச்சி பலவேளைகளில் அந்தத் தாளிலேயே இளகிவிடும். இன்னொரு முறை, சிக்கல்களைப் பிரித்து அடுக்குவது. என்னால் மாற்றக்கூடியது எது, மாற்ற முடியாதது எது, இந்த வாரம் யாரிடம் எந்த ஓர் உதவியைக் கேட்பது என்று வகுத்துக்கொள்வது.

மூன்றாவது முறைக்கு ஒரு வரலாறு உண்டு. வியன்னா நகரத்து மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல் 1942 முதல் 1945 வரை நாஜிகளின் முகாம்களில் அடைபட்டுக் கிடந்தார். பெற்றோரையும் உடன்பிறந்த சகோதரரையும் மனைவியையும் இழந்தார். துன்பத்தைத் தவிர்க்க முடியாத இடத்திலும், அதை எப்படி எதிர்கொள்வது என்று தேரும் உரிமை மனிதனிடம் எஞ்சியிருக்கிறது. வாழ்வில் ஒரு பொருள் இருப்பதாகக் கண்டவன் தாங்கிக்கொள்கிறான் என்பது அவர் கொள்கை. நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் பிரைட்பார்ட் இக்கொள்கையிலிருந்து நோயாளிகளுக்கென ஒரு சிகிச்சையை அமைத்தார். அங்கேயே உளவியலாளர் அலிசன் ஆப்பிள்பாம், 2011 இல் பராமரிப்பவர்களுக்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியதோடு, அச்சிகிச்சையைப் பராமரிப்பவர்களுக்கு ஏற்ப ஏழு அமர்வுகளாக வகுத்தார்.

அந்த அமர்வுகளில் என்ன நடக்கும்? நோய் வருமுன் நீங்கள் யாராக இருந்தீர்கள்? பணிவிடை செய்வதை உங்களுக்கு யார் கற்றுத் தந்தார்கள்? உங்கள் தாயா, பாட்டியா? இந்தப் பணியில் உங்களுக்கு எது பெருமை தருகிறது, எது கசக்கிறது? உங்களையே நீங்கள் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை யாரிடம் விட்டுவிட்டீர்கள்? இத்தகைய வினாக்களை வைத்துப் பேசுவார்கள். "மாட்டிக்கொண்டேன்" என்று நினைத்தவர், "இதை நான் ஏன் ஏற்றேன் என்பது எனக்குத் தெரியும்" என்னும் நிலைக்கு வரக்கூடும். பாரம் அதே பாரம்தான். அதைத் தூக்கும் விதம் மாறுகிறது.

இவை உண்மையில் பயன் தருமா என்று கேட்பீர்கள். நார்த்தௌஸ் என்னும் அமெரிக்கத் தாதியியல் அறிஞரும் குழுவினரும் புற்றுநோயாளிகளின் குடும்பத்தாருக்கான 29 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்து 2010 இல் அறிக்கை தந்தனர். சுமை குறைந்தது, சமாளிக்கும் திறன் கூடியது. ஆனால் பயனின் அளவு சிறியது முதல் நடுத்தரமானது வரை என்றனர். ஆக, மாயம் ஏதுமில்லை. உளச்சிகிச்சை நோயைத் தீர்க்காது. வேலையிழந்தவருக்குச் சம்பளம் தராது. இரவில் விழிக்க மாற்று ஆள் அனுப்பாது. ஆனால் நீரில் மூழ்குபவருக்குச் சாண் அளவு உயர்ந்தாலே மூச்சு கிடைக்கிறதன்றோ?

எங்கே போய்க் கேட்பது? நோயாளி சிகிச்சை பெறும் அரசாங்க மருத்துவமனையிலேயே தொடங்குங்கள். மருத்துவச் சமூகநலப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். "நான்தான் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு முடியவில்லை" என்று மருத்துவரிடமோ தாதியிடமோ சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் போதும். தனியாரிடம் ஆலோசனை பெறுவோர், 1998 ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று விசாரியுங்கள். 1991 இல் தோன்றிய ஹோஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் நோயாளிகளின் வீடுகளுக்கே சென்று கட்டணமின்றி வலி தணித்துப் பராமரிக்கிறது, குடும்பத்தாரையும் கவனிக்கிறது. நள்ளிரவில் மனம் உடைந்து, வாழ்வே வேண்டா என்று தோன்றினால் விடியும்வரை காத்திராதீர்கள். பிஃபிரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்னும் எண்ணில் அழையுங்கள்.

அண்டை வீட்டாருக்கும் ஒரு சொல். "ஏதாவது வேண்டுமானால் கூப்பிடுங்கள்" என்று சொல்லிப் போகாதீர்கள். அவர் கூப்பிட மாட்டார். "வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரம் நான் வந்து உட்காருகிறேன், நீங்கள் போய்ப் படுங்கள்" என்று சொல்லுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு சொல்: உறங்கும் பிள்ளையை எழுப்பு முன், வீட்டில் யார் உறங்கவில்லை என்று கேளுங்கள். நாம் கேட்கத் தவறினோம்.

அந்த அத்தை மருத்துவமனை வழியாக ஓர் ஆலோசகரைச் சந்தித்தார். ஆறு முறை போனார். முதல் முறை முழுவதும் அழுததாகச் சொன்னார். மூன்றாம் முறைக்குப் பின், அண்ணியிடம் நோயைப் பற்றி ஒளிவின்றிப் பேசினாராம். "எனக்குத் தெரியும், நீ சொல்லுவன்னுதான் காத்திருந்தேன்" என்றாராம் அண்ணி. அதன்பிறகு இருவரும் சேர்ந்தே சிறுமியின் படிப்பைப் பற்றித் திட்டமிட்டனர். இரவில் அவளை எழுப்பக்கூடாது என்பது அவர்கள் எடுத்த முதல் முடிவு.

அந்தத் தாய் அடுத்த ஆண்டு மறைந்தார். அத்தை மீண்டும் வேலைக்குப் போகிறார். பின்னொரு நாள் அவரைக் கடைத்தெருவில் கண்டபோது, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டோம். அவர் சற்று நின்றார். பிறகு சாலையோரத்திலேயே அரைமணி நேரம் பேசினார்.

நேயர்களே, உங்களுக்குத் தெரிந்த வீட்டில் ஒரு புற்றுநோயாளி இருந்தால், இன்று மாலையே போய்ப் பாருங்கள். நோயாளியை நலம் விசாரித்த பின், கதவருகே நிற்கும் மற்றவரிடமும் அதே கேள்வியைக் கேட்டு, பதில் வரும்வரை நில்லுங்கள்.