குடியேறியோர் பேச்சும் திசைச்சொல்லும்

ஒரு நாட்டை விட்டு மற்றொரு நாட்டில் குடியேறுவோர் முதலில் தேடுவன மூன்று: உண்ண உணவு, இருக்க இடம், செய்யத் தொழில். இம்மூன்றையும் அடைவதற்கு நான்காவதாக ஒன்று வேண்டும். அதுவே அந்நாட்டாரின் சொல். விலை கேட்கவும் வழி கேட்கவும் நா பழகிய பின்னரே அயல்நாடு வாழும் நாடாகிறது. ஆதலின், குடியேறியோர் வரலாற்றில் ஒரு பகுதி ஏடுகளில் இல்லை, பேச்சில் இருக்கிறது. மலாயாத் தமிழரின் பேச்சு இதற்கு நல்ல சான்றாகும்.

பழைய உறவு

மலாய்த் தீபகற்பத்தோடு தமிழர்க்குள்ள தொடர்பு ரப்பர்த் தோட்டங்களோடு தொடங்கியதன்று. இன்றைய தாய்லாந்தின் தென்பகுதியில் உள்ள தக்குவாபாவில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அங்கே தோண்டப்பட்ட அவனிநாரணம் என்னும் குளத்தையும், அதற்குக் காவலாக அமைந்த மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரையும் அது குறிப்பிடுகிறது. குளம் தோண்டுவதும் அதற்குக் காவல் அமைப்பதும் தங்கி வாழ எண்ணியோர் செயலேயாகும்.

இந்நெடிய உறவினால் மலாய் மொழியிலும் தமிழ்ச்சொற்கள் புகுந்தன. கடை 'கெடாய்' ஆயிற்று. முதல் 'மோடால்' ஆயிற்று. மாம்பழம் 'மெம்பலாம்' ஆயிற்று. கப்பல், பெட்டி, கட்டில், குளம், கறி ஆகியனவும் சிறிது ஒலி திரிந்து வழங்குகின்றன. இவை பெரும்பாலும் வாணிகத்துக்கும் வீட்டுக்கும் உரிய சொற்கள் என்பது நோக்கத்தக்கது. பிற்காலத்தில் வந்த தொழிலாளிக்குப் புதிய ஊரின் சந்தையிலும் தன் முன்னோர் சொல் காத்திருந்தது.

தொழில் தந்த சொல்

19ஆம் நூற்றாண்டில் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகவும் கங்காணிகள் வழியாகவும் பெருந்தொகையினராய் மலாயாவுக்கு வந்தனர். ஒப்பந்த முறை 1910இல் முடிவுற்றது. உதவி பெற்றுத் தொழிலாளர் செல்வதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. இதற்கிடையே தோட்டப் பேச்சில் 'கித்தா' என்ற சொல் வேரூன்றிவிட்டது. மரத்திலிருந்து வடியும் பாலைக் குறிக்கும் 'கெத்தா' என்னும் மலாய்ச் சொல்லின் திரிபே அது.

ரப்பர் மரமும் அம்மண்ணுக்கு உரியதன்று. பிரேசில் நாட்டு மரமாகிய அதன் நாற்றுகள் 22, 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தன. மரமும் குடியேறியது, பால் வெட்டிய தமிழனும் குடியேறியவன், பெயர் மட்டும் அந்நாட்டது. ஒரு சொல்லுக்குள் மூன்று நிலங்களின் வரலாறு அடங்கியிருக்கிறது. சிற்றூரைக் குறிக்கும் 'கம்பம்', சந்தையைக் குறிக்கும் 'பசார்', பிரம்பைக் குறிக்கும் 'ரோத்தான்' ஆகியனவும் இவ்வாறு மலாய் மொழி வழியாக வந்தனவே.

ஆசிரியர் செய்யத்தக்கது

மாணவன் தன் கட்டுரையில் 'கித்தா' என்று எழுதினால் அதனைப் பிழையென்று அடிப்பதா, விட்டுவிடுவதா? இலக்கணம் இங்கே வழிகாட்டுகிறது. தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தது. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலத்துச் சொற்களைத் திசைச்சொல் என்றது. பின்வந்த நன்னூல், தமிழல்லாத பிற நிலங்களிலிருந்து வரும் சொற்களையும் அதனுள் அடக்கியது. மக்கள் சென்ற தொலைவுக்கேற்ப இலக்கணமும் இடம் தந்தது என்க.

எனினும் எல்லாச் சொற்களும் ஒரு தரத்தன அல்ல. துரியான், ரம்புத்தான் போன்றவை புதிய பொருளோடு வந்த பெயர்கள். இவற்றை ஏற்பதில் தடையில்லை. கித்தா, கம்பம் போன்றவை வாழ்க்கையோடு ஒட்டிய சொற்கள். இவற்றின் பிறப்பை விளக்கிக் கதையிலும் உரையாடலிலும் வழங்க விடலாம். 'எளிது' என்னும் நல்ல சொல் இருக்கச் 'செனாங்' என்பதோ தேவையின்றி நுழைந்தது. இதனைத் திருத்துவதே முறை.

இன்று தோட்டங்கள் பல செம்பனைக்கும் நகர் விரிவுக்கும் இடம் தந்துவிட்டன. கித்தா வெட்டிய கைகள் குறைந்து வருகின்றன. அச்சொல்லைக் காரணம் கூறாமல் அடித்துவிட்டால், பாட்டனார் உழைத்த வாழ்வைப் பேரன் அறியும் வழியொன்று அடைபடும். திருத்தும் முன் அதன் வரலாற்றைச் சொல்லிக் கொடுப்பது தமிழாசிரியர் கடமையாகும்.